உயிரோடு இருக்கும் பிள்ளையிடம் பேசுவோம்

(மாலைநேரப் படிப்பு மையங்களில் தன்னார்வலர்களாகப் பாடம் நடத்தும் மாணவர்கள், இளைஞர்களின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பள்ளிப் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைச் சொன்னதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும் காட்சி ஒன்று உண்டு. பொதுத்தேர்வுக்கு முந்தைய மாதம். பள்ளி மைதானத்தில் பந்தல் போட்டு எல்லாப் பிள்ளைகளையும் தரையில் உட்கார வைத்திருப்பார்கள். கோட்டு போட்ட ஒருவர் மைக்கைப் பிடித்து "உன்னால் முடியும்" என்று ஒன்றரை மணி நேரம் பேசுவார். கடைசியில் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லி, அம்மா அப்பா படும் கஷ்டத்தை நினைக்கச் சொல்வார். பிள்ளைகள் தேம்பித் தேம்பி அழுவார்கள். தலைமையாசிரியர் சால்வை போடுவார். அந்த ஆண்டுக்கான மனநலப் பணி அத்தோடு முடிந்தது.

அழ வைப்பது மனநலப் பணி ஆகாது. ஏற்கெனவே கூலி வேலைக்குப் போகும் அம்மாவை நினைத்துக் குற்றவுணர்வில் இருக்கும் பிள்ளையின் தலையில் இன்னொரு மூட்டையை ஏற்றி வைக்கிற வேலை அது.

முதலில் ஓர் எண்ணைச் சொல்கிறேன். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தற்கொலையால் இறந்தார்கள். அதில் தமிழ்நாடு 1,416. மகாராஷ்டிரத்துக்கு அடுத்து இரண்டாவது இடம். பள்ளி, கல்லூரி இரண்டும் சேர்ந்த கணக்கு இது. நம் மாநிலத்தில் ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட நான்கு பிள்ளைகள். அந்த ஆண்டறிக்கையில் வயதுவாரிப் பட்டியல் இருக்கிறது, தொழில்வாரிப் பட்டியல் இருக்கிறது, திருமணம் ஆனவரா ஆகாதவரா என்ற பட்டியல்கூட இருக்கிறது. சாதிவாரிப் பட்டியல் இல்லை. இந்த நாட்டில் பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்து ஒரு குழந்தைக்கு நாம் வாங்கும் முக்கியமான காகிதம் சாதிச் சான்றிதழ். அந்தக் குழந்தை இறந்துபோனால் மட்டும் சாதி கணக்கில் வராமல் போய்விடுகிறது.

இந்த மரணங்களைப் பற்றிப் பேசும்போது வழக்கமாக ஒரு விளக்கம் வரும். "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தாங்குற சக்தி இல்ல. எல்லாம் செல்போன்." சரி, ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை எதையெல்லாம் தாங்க வேண்டியிருக்கிறது என்று பார்ப்போம்.

2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டத்தில் ஒரு கிராமத்துக் கடையில் தின்பண்டம் வாங்கப் போன பட்டியல் சாதிக் குழந்தைகளிடம், உங்களுக்குக் கொடுக்கக் கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடு போட்டிருக்கிறோம், வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொன்ன காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். கையில் காசோடு நின்ற அந்தப் பிள்ளைகளின் முகத்தையும் பார்த்தோம். அதே ஆண்டின் இறுதியில் ஈரோடு மாவட்டத்தில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக ஓர் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில், மாதவிடாய் என்பதற்காக எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வு எழுதினாள். அவளும் பட்டியல் சாதிப் பிள்ளைதான்.

இவை செய்தியில் வந்தவை. செய்தியில் வராதவை எப்படி இருக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். என் ஆய்வுக்காகப் பேசிய ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியிடம், பள்ளிக்கூடத்தில் உனக்குப் பிடிக்காத நாள் எது என்று கேட்டேன். பரீட்சை நாள் என்று சொல்வாள் என நினைத்தேன். "ஸ்காலர்ஷிப் ஃபாரம் வர்ற நாள் அக்கா" என்றாள். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் வந்து "எஸ்.சி. பிள்ளைங்கல்லாம் எந்திரிங்க" என்பாராம். எழுந்து நிற்க வேண்டும். எண்ணி எழுதிக்கொண்டு போவார். மொத்தம் ஐந்து நிமிடம். "அதுவரைக்கும் தெரியாதவங்களுக்கும் தெரிஞ்சிரும்" என்றாள். அவளுக்கு அந்தப் பணம் தேவை. அது அவளுடைய உரிமை. உரிமையை வாங்குவதற்கு அவமானத்தைக் கட்டணமாகக் கட்டச் சொல்கிறது பள்ளி. அந்த ஐந்து நிமிடத்தை எந்தச் சட்டத்தின் கீழ் வழக்காகப் போடுவீர்கள்? அந்தப் பெண்ணுக்கு வாரத்தில் இரண்டு நாள் வயிற்றுவலி வரும். மருத்துவர் பூச்சி மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அண்ணல் அம்பேத்கர் சாத்தாராவில் படித்தபோது வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்கை விரித்துத் தனியாக உட்கார்ந்தார். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர். பியூன் இல்லாத நாளில் தாகத்தோடு வீடு திரும்ப வேண்டும். உலகின் பெரிய பல்கலைக்கழகங்களில் பட்டங்கள் பெற்று, நாற்பது வயதைக் கடந்த பிறகு அதை எழுதினார். பள்ளியில் பட்ட அவமானத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அவரைவிடத் தாங்கும் சக்தி உள்ளவர்கள் யார்? தாங்கினார் என்பதற்காக அதைத் தாங்க வைத்தது சரியாகிவிடுமா?

அடுத்து நாங்குநேரி. 2023 ஆகஸ்ட். நாம் எல்லோரும் அரிவாளைப் பற்றித்தான் பேசினோம். அரிவாளுக்கு முன்னால் நடந்ததைப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்த அந்த மாணவன் சில நாட்களாகப் பள்ளிக்கு வரவில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளை வராமல் இருப்பதே ஒரு மொழி. பள்ளி விசாரித்தபோது சக மாணவர்கள் தரும் தொல்லையைச் சொன்னான். சொன்ன பிறகு, இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள்.

"மனசில் இருப்பதை வெளியே சொல்லுங்கள், யாரிடமாவது பகிர்ந்துகொள்ளுங்கள்" என்று நாம் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்கிறோம். அவன் சொன்னான். சொன்னவனைக் காப்பாற்ற எந்த ஏற்பாடும் இல்லை. ஆகவே பேசுங்கள் என்று சொல்வதற்கு முன், பேசினால் பாதுகாப்பு உண்டா என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். பள்ளிகளில் 'மாணவர் மனசு' என்று ஒரு புகார்ப் பெட்டி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. அதன் சாவி யாரிடம் இருக்கிறது, யார் திறக்கிறார்கள், கையெழுத்தை வைத்து யார் எழுதியது என்று கண்டுபிடித்தால் என்ன நடக்கும் என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பெட்டி காலியாக இருக்கிறது என்றால் பள்ளியில் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை. பெட்டியின் மேல் நம்பிக்கை இல்லை என்று அர்த்தம்.

வெட்டியவர்களும் பள்ளி மாணவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தென்மாவட்டப் பள்ளிகளில் சாதிக்கொரு வண்ணத்தில் கயிறு கட்டி வரும் வழக்கம் 2015லேயே செய்தியாக வந்தது. 2019இல் அதைத் தடுக்கச் சொல்லிப் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. எதிர்ப்பு வந்ததும், பழைய நிலையே தொடரும் என்று அன்றைய கல்வி அமைச்சர் சொல்லிவிட்டார். நான்கு ஆண்டு கழித்து நாங்குநேரி. பதினேழு வயதில் ஒருவன் தன் வகுப்புத் தோழனை வெட்டப் போகிறான் என்றால், அவன் மனசை யாரோ பல வருடமாக உழுது விதைத்திருக்கிறார்கள். சாதிப் பெருமிதம் ஒரு பிள்ளைக்கு ஊட்டப்படும் நஞ்சு. வெட்டியவனும் வெட்டுப்பட்டவனும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒருவன் மருத்துவமனைக்குப் போனான், மற்றவர்கள் கூர்நோக்கு இல்லத்துக்குப் போனார்கள். கயிற்றைக் கட்டிவிட்ட பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். மாணவர் மனநலம் என்று பேசும்போது அந்தப் பெரியவர்களைப் பேசாமல் விடக் கூடாது என்கிறேன்.

நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதியரசர் சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அதைச் சாதி மோதல் பற்றிய அறிக்கை என்று மட்டும் படிக்கிறார்கள். நான் அதை மனநல அறிக்கையாகவும் படிக்கிறேன். வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது. உதவித்தொகை விஷயத்தை மாணவரைத் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும். அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும். பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் இருக்கக் கூடாது. வண்ணக் கயிறுகள் கூடாது. ஒரு பகுதியில் எந்தச் சாதி ஆதிக்கமாக இருக்கிறதோ அந்தச் சாதி அலுவலர்களையும் ஆசிரியர்களையும் அங்கேயே வைத்திருக்கக் கூடாது. 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளியில் மாணவர் நல அலுவலர் வேண்டும். பயிற்சி பெற்ற மனநல ஆலோசகர்கள் வேண்டும். இவற்றில் பாதிக்கு அரசுக்கு ஒரு பைசா செலவில்லை. எழுந்து நிற்கச் சொல்லாமல் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வதற்கு எந்த நிதி ஒதுக்கீடு தேவை?

2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஆந்திர வழக்கொன்றில், மாணவர் மனநலம் பற்றி நாடு முழுவதற்கும் பொருந்தும் வழிகாட்டுதல்களைத் தந்தது. தனிச் சட்டம் வரும்வரை அவை கட்டாயம். 100 மாணவர்களுக்கு மேல் உள்ள கல்வி நிலையங்களில் தகுதி பெற்ற ஆலோசகர் குறைந்தது ஒருவர் இருக்க வேண்டும். மதிப்பெண்ணை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்கார வைப்பதும், எல்லோர் முன்னாலும் அவமானப்படுத்துவதும் கூடாது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, பால்புதுமைப் பிள்ளைகளிடம் பாகுபாடு இல்லாமல் பழக ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இதை நம் பள்ளிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2017இல் மாநில ரேங்க் முறையை நிறுத்தினோம். ஆனால் பள்ளி வாசல் பிளெக்ஸும் ஏ செக்‌ஷன், பி செக்‌ஷனும் 'மெல்லக் கற்கும் மாணவர்' என்ற பட்டமும் அப்படியே இருக்கின்றன. எந்த ஊர்ப் பிள்ளைகள் அந்த மெல்லக் கற்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் எட்டிப் பாருங்கள். காலனியிலிருந்து வருகிறவர்களும், வீட்டில் படிப்புச் சொல்லித்தர ஆளில்லாத முதல் தலைமுறைப் பிள்ளைகளும்தான் அதில் அதிகம்.

ஆலோசகர் வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? எப்படிப்பட்ட ஆலோசகர் என்பது முக்கியம். தன்னைச் சாதி சொல்லித் திட்டினார்கள் என்று வரும் பிள்ளையிடம் "நீ அதைப் பெரிசா எடுத்துக்காதே, மூச்சை நல்லா இழுத்து விடு" என்று சொல்கிறவர் ஆலோசகர் இல்லை. அவர் பள்ளி நிர்வாகத்தின் ஆள். பிள்ளை சொல்வதை நம்ப வேண்டும். சொன்னதை ஆசிரியர் அறையில் பேசக் கூடாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் தெரிந்திருக்க வேண்டும், போக்சோ தெரிந்திருக்க வேண்டும். உடலளவிலான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தடை செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். நம் சமூகங்களிலிருந்து உளவியல் படித்த பிள்ளைகள் இன்று ஏராளமாக இருக்கிறார்கள், வேலையில்லாமல். இடஒதுக்கீட்டோடு, நிரந்தரப் பணியாக, அவர்களைக் கொண்டு இந்த இடங்களை நிரப்பச் சொல்ல வேண்டும்.

இனி நாம் நமக்குள் பேச வேண்டிய இரண்டு விஷயங்கள்.

ஒன்று. "இது மனநோய் இல்லை, சமூக நோய்" என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். அதில் உண்மை இருக்கிறது. ஆனால் மனச்சோர்வு என்ற நோயும் இருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் இருக்கிறது. காசநோய்க்கு வறுமையும் காற்றில்லாத வீடும் காரணம் என்பது நமக்குத் தெரியும். அதற்காகக் காசநோய் வந்தவருக்கு மாத்திரை வேண்டாம், புரட்சி வரட்டும் என்று சொல்வதில்லை. வீட்டுக்கும் போராடுகிறோம், மாத்திரையும் வாங்கித் தருகிறோம். மூன்று மாதமாகத் தூங்காத, சாப்பிடாத பிள்ளைக்கு மனநல மருத்துவர் தேவை. நம் வீடுகளில் அது எளிதாக நடப்பதில்லை. முதலில் மந்திரிக்கப் போவார்கள். பிறகு "பைத்தியம்னு பேர் வந்துரும், பொம்பளப் பிள்ளை" என்பார்கள். இதையும் தாண்டினால், மாவட்டத் தலைநகருக்குப் பேருந்து, ஒருநாள் கூலி இழப்பு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அரசு நடத்தும் மனநலச் சேவையைப் பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்கியிருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளையோடு பேருந்தில் ஏறப்போவது யார்? அந்த ஆள் நாமாக இருக்க வேண்டும்.

இரண்டாவதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன். 2016இல் ரோகித் வெமுலா. 2017இல் அனிதா. அந்தப் பெயர்கள் ஒரு தலைமுறையைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. நானும் அந்தத் தலைமுறைதான். நீதி கேட்பதை ஒருநாளும் நிறுத்தப் போவதில்லை. அதே சமயம், உங்கள் மையத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளை நம் கூட்டங்களை எப்படிப் பார்க்கிறது என்று யோசியுங்கள். உயிரோடு இருந்தவரை யாரும் கேட்காத குரலை, இறந்த பிறகு ஊரே கேட்கிறது என்று அது கற்றுக்கொண்டுவிடக் கூடாது. மரணத்தைத் தியாகம் என்று பாடாதீர்கள். எப்படி இறந்தார் என்று விவரிக்காதீர்கள். கடைசி நாளின் படங்களைச் சுற்றுக்கு விடாதீர்கள். அவர் என்ன படிக்க விரும்பினார், எது அவரைத் தடுத்தது, யார் பொறுப்பு என்று பேசுங்கள். இரங்கல் கூட்டத்துக்கு ஒரே இரவில் சுவரொட்டி அடிக்கத் தெரிந்த நமக்கு, உயிரோடு இருக்கும் பிள்ளையிடம் உட்கார்ந்து பேசவும் தெரிய வேண்டும்.

எப்படிப் பேசுவது? நீங்கள் ஆலோசகர்கள் இல்லை, ஆக வேண்டியதும் இல்லை. பிள்ளையை முதலில் பார்க்கிறவர்கள் நீங்கள். அது போதும்.

திடீரென்று வராமல் போகிற பிள்ளை, எப்போதும் தூங்கி வழிகிற பிள்ளை, அடிக்கடி தலைவலி வயிற்றுவலி என்கிற பிள்ளை, விளையாட்டை விட்டுவிட்ட பிள்ளை, எதற்கெடுத்தாலும் சண்டைக்குப் போகிற பிள்ளை, தனக்குப் பிடித்த பொருளை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுகிற பிள்ளை. இவர்களைத் திட்டுவதற்கு முன் தனியாகக் கூப்பிட்டு "ஏண்டா, என்னாச்சு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அறிவுரை வேண்டாம். "நான் உன் வயசுல பட்ட கஷ்டம் தெரியுமா" வேண்டாம்.

செத்துப் போகலாம் போல இருக்கிறதா என்று நேராகக் கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படி நடப்பதில்லை. கேட்டால் பிள்ளைக்கு மூச்சு வரும். ஆமாம் என்று சொன்னால் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். "உன் உயிர் விஷயத்தில் நான் ஒருத்தரிடமாவது சொல்ல வேண்டும், யாரிடம் சொல்லலாம் என்று நீயே சொல்" என்று கேளுங்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098. பள்ளிக் கல்வித் துறைக்கு 14417. இந்த மூன்று எண்களையும் இன்றே உங்கள் மையத்தின் சுவரில் எழுதுங்கள். எழுதினால் மட்டும் போதாது, ஒருமுறை பிள்ளைகள் முன்னாலேயே அழைத்துப் பேசிக் காட்டுங்கள். போன் செய்தால் யார் எடுப்பார்கள் என்று தெரியாத எண்ணுக்கு எந்தப் பிள்ளையும் போன் செய்யாது.

தேர்வு முடிவு வரும் வாரத்தில் உங்கள் மையத்தைப் பூட்டாதீர்கள். முடிவு வரும் அன்று காலையிலிருந்து அங்கே இருங்கள். தவறிய பாடத்துக்குத் துணைத்தேர்வு உண்டு என்று முந்தைய வாரமே சொல்லி வையுங்கள். அதிக மதிப்பெண் எடுத்தவர்கள் வீட்டுக்கு இனிப்போடு எல்லோரும் போவார்கள். நீங்கள் தவறியவர்கள் வீட்டுக்குப் போங்கள்.

நாங்குநேரி மாணவன் அடுத்த ஆண்டு பொதுத்தேர்வில் 600க்கு 469 எடுத்தான். முதலமைச்சர் அழைத்துப் பாராட்டினார். நமக்கும் மகிழ்ச்சி. ஆனால் அவன் 200 எடுத்திருந்தாலும், தேர்வே எழுதாமல் போயிருந்தாலும், நாம் அதே அளவு அவன் பக்கம் நின்றிருக்க வேண்டும். வெட்டுப்பட்ட பிள்ளை மதிப்பெண் எடுத்துத்தான் தன் உயிரின் மதிப்பை நிரூபிக்க வேண்டும் என்ற நிலை இருக்கக் கூடாது.

கோரிக்கைகள் நான்கே நான்கு. சந்துரு குழு அறிக்கையின் செலவில்லாத பரிந்துரைகளை இந்தக் கல்வியாண்டிலேயே நடைமுறைப்படுத்த வேண்டும். உச்ச நீதிமன்றம் சொன்னபடி 100 மாணவர்களுக்கு மேல் உள்ள எல்லாப் பள்ளிகளிலும் ஆலோசகர் பணியிடம் உருவாக்கி, இடஒதுக்கீட்டோடு நிரப்ப வேண்டும். புகார் சொல்லும் மாணவருக்கும் குடும்பத்துக்கும் உடனடிப் பாதுகாப்பு தருவது யார் பொறுப்பு என்று பெயரும் பதவியும் குறிப்பிட்டு அரசாணை வேண்டும். மாணவர் தற்கொலைக் கணக்கில் சாதிவாரி விவரம் வெளியிட வேண்டும்.

உங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளிக்கு ஆலோசகர் இருக்கிறாரா, வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், எந்த அறையில் உட்காருகிறார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு மனுப் போடுவதிலிருந்து தொடங்குங்கள். பதில் வந்ததும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோரோடு போங்கள். அந்தக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. நம் அம்மாக்களும் அதில் இருக்கிறார்கள், கையெழுத்துப் போட மட்டும் கூப்பிடப்படுகிறார்கள். இந்த முறை பேசவும் போகட்டும்.